மன்னிப்புக் கோருதல்

எங்கள் சங்கத்துச் செயலாளருக்கு 'மன்னிப்பு மேடம்' என்று பெயர் வைத்தது நான்தான். ஒருநாள் வாய் தவறி முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். "மன்னிக்கணும் சார், கவனிக்கல. என்ன சொன்னீங்க?" என்றார். அதற்கு மேல் அந்த மனுஷியை என்ன செய்வது?

தண்ணீர் வாரியத்தின் புகார் மேசையில் இருபத்தெட்டு வருஷம் தொலைபேசி எடுத்தவர் அவர். குழாய் உடைந்தாலும், தண்ணீர் கலங்கி வந்தாலும், மீட்டர் தாறுமாறாக ஓடினாலும் ஊரே அவரைத்தான் திட்டியது. எந்தக் குழாயையும் அவர் தொட்டதுகூட இல்லை. எந்த அழைப்பானாலும் "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஓய்வு பெற்ற பிறகும் வாய் அதை விடவில்லை. கதவைத் திறந்தால் ஒரு மன்னிப்பு, மூடினால் ஒன்று. சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னாடியே வந்து நின்றுகொண்டு, தாமதமாகிவிட்டதா என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் சங்கத்துக்கு இருப்பது ஒரு வேன், ஒரு ஓட்டுநர், மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் பதினோரு பேரை வீட்டு வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். அவ்வளவுதான் எங்கள் சேவை. பதினோரு பேரில் என் மனைவி ஒருத்தி. நான் துணைத் தலைவர் ஆனதும் அதனால்தான். பொதுநலம் அது இது என்று யாரும் என்னைத் தூக்கி வைக்க வேண்டாம்.

வேனை ஓட்டுவது ஒரு கம்பெனி தரும் நன்கொடை. சங்கத்துக்கு வரிவிலக்கு இருக்கும்வரைதான் அவர்கள் தருவார்கள். வரிவிலக்கு நிலைக்க வேண்டுமானால் வருஷா வருஷம் வரி அலுவலகத்தில் கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பழைய செயலாளர் மேடை கிடைத்தால் இறங்காத ஆள். இரண்டு வருஷம் அறிக்கையைத் தொடாமலே இருந்துவிட்டு, மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மூன்றாவது வருஷமும் தவறினால் விலக்கு தானாக ரத்து. இந்த நிலையில் அந்த நாற்காலி யாருக்கும் வேண்டாம். மேடம் தலையில் கட்டினோம். அவரும், இத்தனை நாள் ஏற்றுக்கொள்ளாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

எட்டு மாதம் படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, மூன்று வருஷத்து ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கினார். ஆடிட்டரிடம் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆடிட்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மேடம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆடிட்டர் படுத்தபடியே வழி சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. கால நீட்டிப்பு கேளுங்க. கெடுவுக்கு முன்னாடி கேட்டா மூணு மாசம் தானா குடுத்துடுவாங்க. காரணம்கூட வேண்டாம். ஒரு வரி போதும்."

ஒரு வரி போதும். மேடம் இரண்டு பக்கம் எழுதினார். எழுதியதை என்னிடம் கொண்டுவந்தார். நான் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவன். "தப்பிருந்தா சொல்லுங்க சார், மன்னிக்கணும், உங்க நேரத்தை வீணாக்கறேன்" என்று நீட்டினார்.

மேலே இப்படி எழுதியிருந்தது: 'பொருள்: ஆண்டுக் கணக்கு அறிக்கை, தாமதத்துக்கு மன்னிப்பு கோருதல்.' நான் பேனாவை எடுத்தேன். 'மன்னிப்பு'க்குப் பக்கத்தில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். இந்தக் காலத்தில் யாருக்குமே ஒற்று தெரிவதில்லை என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்தேன். மூன்று மாதம் நீட்டித்துத் தரவேண்டும் என்ற விஷயம் இரண்டாம் பக்கத்தில், ஆடிட்டரின் இடுப்புக்கு அப்புறம் வந்தது. அதையும் படித்தேன். நல்ல மரியாதையான கடிதமாகத்தான் எனக்குப் பட்டது.

கெடுவுக்கு நான்கு நாள் முன்பே அவர் கையாலேயே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தார். கெடு முடிந்து ஆறாம் நாள் கடிதம் தபாலில் திரும்பி வந்தது. நானும் அவரும் வரி அலுவலகத்துக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. கெட்ட மாதிரியாக இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டாவது ஆறுதல்பட்டிருப்பேன். கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"தபால் பிரிவுல பொருளைப் பாத்துதான் பிரிப்பாங்கம்மா. மன்னிப்புன்னு இருந்தா தாமத மன்னிப்புப் பிரிவுக்குப் போயிடும். அவங்க கெடு முடிஞ்ச பிறகு வர்ற மனுவைத்தான் எடுப்பாங்க. முன்னாடியே வந்தா திருப்பிடுவாங்க."

"ரெண்டாம் பக்கத்துல நீட்டிப்பு கேட்டிருக்காங்களே" என்றேன்.

"அவ்வளவு தூரம் அங்க யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"சரி, இப்பதான் கெடு முடிஞ்சிடுச்சே. இப்ப மன்னிப்பா எடுத்துக்கங்க."

"மூணாவது வருஷம் சார். கம்ப்யூட்டரே ரத்து பண்ணிடுச்சு. ரத்தான சங்கத்துக்கு மன்னிப்பு கிடையாது. புதுசா விண்ணப்பிக்கணும். எப்படியும் பத்து மாசம் ஆகும்." பிறகு மேடத்தைப் பார்த்து, வருத்தத்தோடுதான் சொன்னாள்: "நீட்டிப்பு கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்போம்மா. நீங்க கேக்கலையே. மன்னிப்புதான கேட்டிருக்கீங்க."

மேடம் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்ற பிறகுதான் பேசினார்.

"எனக்கு இது வேணும்னு சொல்லிப் பழக்கமே இல்ல சார்."

"நான்தான படிச்சேன்" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நீங்க பிழைதான சார் பாத்தீங்க" என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கம்பெனிக்காரர்கள் ரொம்பவும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுவிட்டு, மாதக் கடைசியோடு நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் கமிட்டி கூட்டி ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். எதற்கும் கால் முளைக்கவில்லை. வேன் நிற்கப்போகிறது என்று பதினோரு பேருக்கும் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் கையைப் பிசைந்தோம். மேடம்தான் சொன்னார்: "நானே சொல்றேன். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்."

இரண்டு நாளில் மற்றப் பத்து பேரிடமும் போனில் பேசினார். ஒருவரும் திட்டவில்லையாம். அவர் கலங்கிப்போனது அதில்தான்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நேரில் வந்தார். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள் என் மனைவி. கையில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் சொல்லி அவளுக்கு விஷயம் முன்பே தெரியும். ஆனாலும் மேடம் முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்க்கா."

"வாடகைக் கார்ல மூணு நாள் போனா இவரு பென்ஷன் தாங்காது. ரெண்டு நாள் போனா போதுமான்னு டாக்டரைக் கேட்டுப் பாக்கறேன்." போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேடம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவள் பெயருக்கு நேரே '2' என்று எழுதினார். "இன்னும் அஞ்சு பேரும் இதையேதான்க்கா சொன்னாங்க" என்றார்.

என் மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு பெயருக்கு நேரே மட்டும் நாள் கணக்கு இல்லை. 'இனி போகப்போவதில்லை என்கிறார்' என்று எழுதியிருந்தது. வேனில் இவளுக்குப் பக்கத்து இருக்கை, முன்னாள் தையல்காரர், தனியாள்.

"என்னங்க, போனை இப்படிக் குடுங்க" என்றாள். தாளில் அவர் பெயருக்குக் கீழே இருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தி, காதில் வைத்துக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். நானும் மேடமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எடுக்கவில்லை.