பார்படோசுக்கு விசா வேண்டாம், பால்சுறாவுக்குத்தான் வேண்டும்

முப்பது வருடமாக ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலை. ஊரார் சரக்குக்கெல்லாம் சுங்கப் படிவம் நிரப்புகிறவன் நான். ‘பழைய துணி’ என்று எழுதிய பெட்டியில் என்னென்ன வந்து இறங்கும் என்று பார்த்துப் பார்த்து, பாயசம் கொடுத்தால்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பேன். அப்படிப்பட்டவன் சென்ற மார்ச்சில் பார்படோஸ் போனேன். அங்கே நர்ஸாக இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் கப்பலில். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். பிள்ளை வலி எடுத்துக் கிடக்கும்போது பக்கத்தில் ஒருத்தராவது வேண்டாமா?

“அப்பா, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இங்க விசா வேணாம்” என்றாள் மகள். இந்தக் காலத்தில் யார் சும்மா விடுகிறார்கள்? நம்பாமல் அரசுத் தளத்தில் தேடினேன். நிஜம்தான், தொண்ணூறு நாள்வரை வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்குச் சான்று, இவை போதும்.

ஆனால் தண்டையார்பேட்டையில் டிக்கெட் போடும் கடைக்காரர் “விசா எடுக்கணும்” என்றார். வந்ததே கோபம். “எனக்கே காது குத்துறியா?”

“நைனா, நீ போற ஊருக்கு வேணாம், போற வழிக்கு வேணும். லண்டன்ல பிளைட்டு மாறணும்னா டிரான்சிட் விசா கேப்பான். அமெரிக்கா வழியா போனாலும் இதே பேஜாருதான். இன்னொண்ணு, மிலிட்டரி டிசைன் பேண்ட்டு சொக்கா எட்த்துக்கினு போவாத. அங்க அது குத்தம்.”

மூன்று இடத்தில் விசாரித்தேன். மனிதர் சொன்ன இரண்டும் சரி. மன்னிப்புக் கேட்கவில்லை, டிக்கெட்டை அவரிடமே போட்டேன். போகவர 1,38,000 ரூபாய்.

மனைவி காசிமேட்டில் சொல்லிவைத்து ஒரு கிலோ பால்சுறாக் கருவாடு வாங்கியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். “மீன், கறி, பழம், விதை எதுவும் கொண்டுபோகக் கூடாது” என்று கறாராகச் சொன்னேன். “செரி, வுடு” என்றாள். சண்டையே போடவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் அங்கேதான் கோட்டை விட்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு குடியேற்றம், சுங்கம் இரண்டுக்குமான படிவத்தை ஆன்லைனில் நிரப்பினேன். உணவுப் பொருள்? ‘இல்லை’.

லண்டனுக்குப் பதினோரு மணி நேரம், நான்கு மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் ஒன்பது மணி நேரம். பிற்பகல் 3.10க்கு இறங்கினேன். எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய் என்று கேட்டு முத்திரை குத்திவிட்டார்கள். பெட்டியை எடுத்ததும் குப்பென்று கருவாட்டு வாசம். பக்கத்தில் கோட்டு போட்ட ஓர் ஆள். இவன்தான்! மூன்று அடி தள்ளி நின்றேன். வாசமும் கூடவே வந்தது.

பெட்டியைத் திறந்தேன். லுங்கிகளுக்கு நடுவே ஒரு பொட்டலம், அதன்மேல் மனைவியின் கையெழுத்தில் ‘மஞ்சத்தூள்’. அடிப்பாவி! நான் ஆயுசு முழுக்கப் பிடித்த பொய் லேபிள் என் வீட்டிலேயே தயாராகியிருக்கிறது.

என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் மகள் தனியாக என்ன செய்வாள்? குப்பைத்தொட்டி நாலடியில்தான் இருந்தது. போடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒளித்தவன் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நேராகச் சுங்க அதிகாரி அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன்.

“என்ன இது?”

பதற்றத்தில் ‘மில்க் ஷார்க்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டேன்.

“பாலா, மீனா?”

“மீன்தான். ஆனால் பாலுக்கு.”

இன்னொரு அதிகாரியும் வந்தார். ஐம்பத்தெட்டு வயதில், கையை ஆட்டி ஆட்டித் தாய்ப்பாலை விளக்கினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது நிமிடம் கழித்து அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கருவாடு பறிமுதல். நானாகச் சொன்னதால் அபராதமில்லை. “போங்க, மகள் காத்திருப்பாள்” என்று அனுப்பிவைத்தார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விதிகள் மாறும், கிளம்பும் வாரம் அரசுத் தளத்தில் மறுபடி பாருங்கள். பெட்டியை நீங்களே அடுக்குங்கள். அடுக்கியபின் அதை விட்டு நகராதீர்கள்.

மூன்றாம் நாள் வலி எடுத்தது. பக்கத்திலேயே இருந்தேன். பேத்தி பிறந்தாள். அழுதுகொண்டே மனைவிக்குப் போன் போட்டேன். அவளும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “பால்சுறா குட்த்தியா?”

“குட்த்தேன்.”

“யாருக்கு?”