தம்பியின் கம்ப்யூட்டர்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் அலைந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் நான் ஆபரேட்டர். ஓவர்டைம் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவதுதான் எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம். வளைவு வந்தால் போதும், படம் நின்று நின்று நகரும். எனக்கு ரத்தம் கொதிக்கும். நல்ல கார்ட் போட்டால் சரியாகிவிடும் என்று கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து ஷிப்டில் நிற்கும்போதும் கை துறுதுறுவென்றே இருந்தது.

மலாக்கா டவுன் கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். ஒன்று, பழைய கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போடுவது. எல்லா வேலையையும் அதுவே பார்க்கும். இன்னொன்று, பழைய கார்டுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து விளையாட்டுப் படத்தை மட்டும் வரையும். பின்பக்கம் ஒரு குட்டி வயர் இரண்டையும் இணைக்கும். கடை முதலாளி, சீனத் தவுக்கே, இரண்டையும் ஓட்டிக் காட்டினார். முதலாவதில் வேகம் இருந்தது, ஆனால் தூரத்து ரோடு துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் ரோடு வழவழவென்று வந்தது, வேகம்தான் ஒரு படி குறைவு.

"தம்பிக்கா?" என்று மலாயில் கேட்டார்.

"எனக்கு" என்றேன்.

தலையாட்டிவிட்டு, "தம்பி என்ன கேம் விளையாடுவான்?" என்றார்.

போகிற ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். இதுதான் வேண்டும் என்று கடையில் தோன்றும். பஸ் எங்கள் ஊரான செங் வந்து சேர்வதற்குள் மனசு மாறிவிடும்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற எரிச்சலில், அந்த இரண்டாவது வகையையே வாங்கிவிட்டேன். ஒன்றையாவது நானே பார்த்து எடுத்ததாக இருக்கட்டும் என்ற வீம்பு.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "சனிக்கெழமையில இரும்பு வாங்கிட்டு வராதேன்னு எத்தன தடவ சொல்றது? நாளைக்கு நல்ல காரியம் வச்சிருக்கோம்."

"இது இரும்பு இல்லமா. பிளாஸ்டிக்லா."

அம்மா அப்படியே விட்டுவிடுகிற ஆளா? பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து கார்டின் ஓரத் தகட்டில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அன்று கார்ட் பக்கத்து வீட்டில்தான் தங்கியது.

அப்பா போன பிறகு என் கல்யாணம்தான் அம்மாவுக்கு ஒரே கவலை. கம்ப்யூட்டர் யாருடையது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் தம்பியுடையது என்று சொல்லச் சொன்னாள். "பொண்ணு கேம் வெளையாடுதுன்னு தெரிஞ்சா யாரு கட்டுவா?" அவள் முகத்தைப் பார்த்ததும் சரி என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் கார்டை எடுத்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்பே ரெம்பியா என்ற ஊரிலிருந்து அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சம்பந்தம் பேசிய எங்கள் சின்னம்மா. அம்மா என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கித் தம்பியிடம் கொடுத்து, என்னைச் சேலை கட்ட விரட்டினாள்.

காப்பித் தட்டோடு நான் வந்தபோது மாப்பிள்ளை கம்ப்யூட்டர் மேல் குனிந்திருந்தார்.

"தம்பி, இத ஏன் எடுத்தீங்க? இன்னொன்னுல எல்லாமே ஒரே கார்டுல வந்துடுமே?"

தம்பி ஸ்குரூ டிரைவரால் தலையைச் சொறிந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அம்மாவும் என்னைப் பார்த்தாள், முறைத்து. ஏன் எடுத்தாய் என்ற கேள்வியை இத்தனை வாரத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

"நான்தான் எடுத்தேன். கம்ப்யூட்டர் என்னோடது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "அப்படியா? ஏன்?" என்றார் சிரித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு என் வாயை யார் பிடிப்பது? தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எது எதற்கு என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

"எங்க வீட்ல அந்த இன்னொரு கார்டுதான் இருக்கு" என்றார்.

"அப்ப உங்க ரோடு ஒட்டுப் போட்ட மாதிரி தெரியுமே!"

சத்தமாகச் சிரித்தார். காப்பி ஆறிப்போனது.

அவர்கள் போன பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை. கார்டை மாட்டிக் காரை ஓட்டினேன். வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பாதி ரேஸில் எழுந்து ஓடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை எனக்குப் பிடித்திருந்தது.

சில நாள் கழித்துச் சின்னம்மா கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழுச் சம்மதமாம், துடிப்பான பெண் என்றாராம். வேண்டாம் என்றது பையன்தானாம்.

"பொண்ணு ரொம்பப் பேசுதுன்னு சொல்றாராம்" என்றார்.

கேட்டது அவர்தானே.