விராலிமலையிலிருந்து புதுக்கோட்டைக்கு: ஒரு ட்விஸ்ட் படமும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

விராலிமலையிலிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போவது எப்படி இருக்கும் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்த நாற்பது கிலோமீட்டரை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். நன்றாக நினைவிருப்பது 1964-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆங்கில நடனப் படம் ஒன்று பார்க்கப் போனதுதான். (புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டமில்லை, திருச்சியோடு இருந்தது.)

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் திருக்கோகர்ணம். விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆங்கில ஆசிரியர். பத்தாம் வகுப்பில் ஆக்னஸ் மேரி என்றொரு பெண் படித்தாள். விடுமுறைக்குத் திருச்சியில் சித்தி வீட்டுக்குப் போனவள், அங்கே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் நான்கு பெண்களுக்கு இடுப்பை வளைத்து ஆடும் ட்விஸ்ட் ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். ஹெட்மாஸ்டர் நிறுத்தச் சொன்னார். "மணி அடிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஆடினாள். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் வந்தால்தான் மறுபடி வகுப்பு. கடிதத்தை ஹெட்மாஸ்டர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். 'ஆபாசமான ஆங்கிலப் படத்தைப் பார்த்து என் மகள் கெட்டுப்போனாள்' என்று தொடங்கும். அதை ஆவூர்ப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்கு சைக்கிளில் கொண்டுபோனேன். அப்பா சவரிமுத்து, கடலை போடுகிற விவசாயி. எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார்.

"ஆபாசம்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா சார்?"

"இல்லைங்க."

"ஹெட்மாஸ்டர் ஐயா?"

"அவரும் பாக்கலை."

"அப்ப நான் மட்டும் பாக்காம எப்படிங்க கையெழுத்துப் போடுறது?"

அந்த வாரம் அதே படம் புதுக்கோட்டையில் ஞாயிறு காலைக் காட்சியாக ஓடியது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் கூட வரச் சொன்னார். "நானும் வாரேன்பா" என்றாள் ஆக்னஸ். "நீதான் பாத்துட்டேல்ல. ஆட்டுக்குத் தழை ஒடி" என்றார்.

ஞாயிறன்று சவரிமுத்து சர்ச்சில் விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையும் குடையுமாக பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார். ஏழரைக்கு பஸ். ஆளுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. சினிமாவுக்குப் போகிறோம் என்றதும் கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில போடுறது இங்கிலீசுப் படங்க. ஒங்களுக்கு என்ன புரியும்?"

"அதுக்குத்தான் சாரக் கூட்டிட்டுப் போறேன்."

இலுப்பூர் தாண்டும் வரை சாலை குண்டும் குழியும். ஒன்பது இருபதுக்கு இறங்கினோம். பத்தரைக்குக் காட்சி, பெஞ்சு டிக்கெட் நாற்பது காசு.

படத்தில், கடலோர ஊர் ஒன்றில் நடன அரங்கைப் பெரியவர்கள் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் மீன் ஏலம் போடும் மேடையில் ஆடுகிறார்கள். ரொட்டிக்கடைக்காரரின் மகள்தான் அவர்களுக்குத் தலைவி. கதை இவ்வளவுதான். நான் சவரிமுத்துவின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் தோளைத் தட்டினார். பேசாதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார், எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார். அதன் பிறகு மூன்று பெஞ்சுக்கு நான் கதை சொன்னேன்.

ஓரிடத்தில் அந்தப் பெண் தன் அப்பாவிடம் கோபமாக ஏதோ சொல்லுவாள். பக்கத்திலிருப்பவர் மனம் நோகுமே என்று நான், "மன்னிச்சிருங்கப்பா என்கிறாள்" என்றேன்.

சவரிமுத்து திரும்பினார். "மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலையே சார். உள்ளதச் சொல்லுங்க."

"'ஏன் ஆடுறேன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா?' என்கிறாள்" என்றேன். அவர் மறுபடி திரைக்குத் திரும்பிக்கொண்டார். முத்தக் காட்சி வந்தபோது குனிந்து குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றபடி கண்ணெடுக்கவில்லை.

வெளியே டீக்கடையில் கடிதத்தை எடுத்து என் பேனாவைக் கேட்டார். "அந்த முத்தம் வேண்டாத வேலை. அத எம்மவ செய்யல. ஆட்டத்துல என்ன தப்பு, சொல்லுங்க." நான் எழுதியதை முழுக்க அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'என் மகள் அனுமதி கேட்காமல் பள்ளியில் ஆடினாள். இனி அனுமதி கேட்டு ஆடுவாள்.' கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "படத்த நீங்களும் பாத்தீங்கல்ல. நீங்களும் ஒண்ணு போடுங்க சார்."

என்னுடையது மார்ச்சோடு முடிகிற வேலை. நீட்டிப்பது ஹெட்மாஸ்டர் கையில். டீ ஆறுகிற வரை யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் 'படத்தைப் பார்த்தேன். ஆபாசமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சவரிமுத்து குடையைக்கூட வைக்கவில்லை. "ஏம்மா ஆடுன?" என்றார்.

ஆக்னஸ் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஆடுறப்ப யாரும் என்னை ஒண்ணும் சொல்லாத மாதிரி இருக்குப்பா."

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். "சரி, போயி நாளைக்குப் பொஸ்தகத்த எடுத்து வையி" என்றார்.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவளைச் சேர்த்துக்கொண்டார். மார்ச் முடிந்தபோது எனக்கு நீட்டிப்பு வரவில்லை. மூன்று மாதம் திருக்கோகர்ணத்தில் சும்மா இருந்தேன். வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது போகிறவர்களுக்கு: காலை ஏழு, ஏழரைக்கே கிளம்பிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. அன்னவாசலில் இறங்கினால் சித்தன்னவாசல் பக்கம்தான். ஓவியத்தில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள், அரை நாள் ஒதுக்குங்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலை அதே நாளில் திணிக்க வேண்டாம். தண்ணீர் கையில் இருக்கட்டும். மொழி தெரியாதவரோடு போனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கடிதத்தில் 'அனுமதி கேட்டு ஆடுவாள்' என்று அப்பா எழுதியதை ஆக்னஸ் அப்படியே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்குத் திரும்பிய அந்த வாரமே வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டர் அறை வாசலில் வந்து நின்று, ஆட அனுமதி கேட்டாள். "பார்க்கலாம், போ" என்றார். அடுத்த வெள்ளியும் வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும். நான்காவது வெள்ளிக்கிழமை, இன்னும் வேலையில் இருந்த நான் அந்த அறையில் வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பத்து நிமிஷம். ஜன்னலச் சாத்திக்க."