ஏறு தம்பி, சீட்டு காலிதான்

இது நடந்தது. கல்லூரிப் பத்திரிகையில் மாதாமாதம் புளுகுகிறவன் என்பதால் என்னை யாரும் நம்புவதில்லை. பரவாயில்லை. புளுகுவதென்றால் இதைவிடச் சுத்தமான விஷயமாகப் பார்த்துப் புளுகியிருப்பேன். அந்த நாற்றத்தை உட்கார்ந்து கற்பனை செய்யும் அளவுக்கு எனக்கு வயிற்றில் தெம்பு கிடையாது.

என் பெயர் ரீஸ். மேற்கு ஆஸ்திரேலியாவில், நாலு பக்கமும் கோதுமை வயல் சூழ்ந்த விவசாயக் கல்லூரியில் படிக்கிறேன். பக்கத்து ஊரான டூரப்பினில் ஒரு கோல்ஃப் கிளப். அந்த வருடம்தான் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் இறுதிப் போட்டி. அதில் ஆட வேண்டுமானால் மூன்று ஆட்டங்களின் புள்ளி அட்டை கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கூட ஆடியவரின் கையெழுத்து வேண்டும். என்னிடம் இரண்டு இருந்தன. மூன்றாவதற்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு கெடு முடிந்தது. நான் வெள்ளிக்கிழமை மதியம்தான் போய் நின்றேன்.

கிளப்பின் பாரையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் நோலீன், கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி சொன்னாள்.

"தனியா ஆடிட்டு வந்து நானே பாத்துக்கிட்டேன்னு கதை விடாத. உன் கணக்கு லட்சணம் எனக்குத் தெரியும். யாராச்சும் ஒரு மனுஷனப் பிடிச்சு கூட ஆடு."

மனுஷன் என்று தெளிவாகத்தான் சொன்னாள். தப்பு என்னுடையது.

மூன்றரை மணி இருக்கும். முதல் குழிக்கு அடிக்கும் இடத்தில் ஒரு வண்டி நின்றது. தகரக் கூரை போட்ட பழைய கோல்ஃப் வண்டி. ஓட்டும் இடத்தில் ஒரு கிழவர். தொப்பியில் இளஞ்சிவப்பு இறகு ஒன்று செருகியிருந்தது.

"சேந்து ஆடலாமா?" என்றேன்.

"க்ர்ர்ர்... தூ." காறித் துப்பிவிட்டு, "ஆடு. ஏறு தம்பி, சீட்டு காலிதான்."

முன்பின் தெரியாத ஆளோடு ஆட நேர்ந்தால் முதலில் பெயர் சொல்லி, கை கொடுத்துக்கொள்ள வேண்டும். இது குழந்தைக்கும் தெரியும். இவர் தன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரைக் கேட்கவில்லை. நானே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாய்க்குள் ஈ போனது.

சீட்டைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் ஊறிப் போயிருந்தது. குட்டையில் விழுந்த ஆட்டை ஒரு வாரம் கழித்து வெளியே இழுக்கும்போது ஒரு வாடை வருமே... அந்த வாடை.

"நான் நடப்பேங்க. நடந்து ஆடினாத்தான் எனக்கு ஆட்டம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவானுங்க" என்றார்.

ஒருவர் நடந்து, ஒருவர் வண்டியில் வந்தால், வண்டிக்காரர் கொஞ்சம் தள்ளி வர வேண்டும். நடப்பவனை முந்தவும் கூடாது, விரட்டவும் கூடாது. இவர் என் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் வந்தார். எஞ்சின் சத்தமே இல்லை. சக்கரம் மட்டும்... க்ரீக்... க்ரீக்...

நான் நின்றால் அதுவும் நிற்கும்.

அடிக்கக் கையை ஓங்கினால் "க்ர்ர்ர்... தூ." குனிந்து பந்தை வைத்தால் "க்ர்ர்ர்... தூ." பல் குத்திய குச்சியைப் பார்த்து ரசித்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். என் பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு முறை நடந்தார். பாட்டி வீட்டுப் பூனைகூட இந்த மரியாதை தெரிந்து ஓரமாகப் போகும். சகித்துக்கொண்டேன். எனக்குக் கையெழுத்து வேண்டும்.

அதைவிட அசிங்கம், மணலை இழுக்காதது. எங்கள் பக்கம் புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் ஏது? குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த கறுப்பு மணல் திட்டுதான். ஆடி முடித்ததும், நீளக் கம்பில் மாட்டிய இரும்புப் பட்டையால் மணலை வட்ட வட்டமாக இழுத்து, கால் தடத்தையெல்லாம் அழித்துவிட்டுப் போக வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. அடுத்து வருபவனுக்குச் செய்யும் மரியாதை. இவர் ஒரு திட்டிலும் இழுக்கவில்லை. தன் பந்தைக் குழியில் தள்ளியதும் நேராக வண்டிக்குப் போய்விடுவார். ஒவ்வொரு முறையும் நானே இழுத்தேன்.

"இழுக்கற பழக்கம் இல்லீங்களா?"

"எனக்கு எதுக்கு?" என்றார்.

மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். நல்ல நீளமான வார்த்தை.

மூன்றாம் குழியில் கவனித்தேன். அவர் கீழே இறங்கி நிற்கிறார். ஆனால் வண்டி, காலி சீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் மாதம். ஈக்கள் கிளம்பும் காலம். என் முதுகில், கண்ணோரத்தில், உதட்டில் எல்லாம் ஈ. அவர் மேல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் காலி சீட்டில் போய் அப்பிக் கிடந்தன. சீட்டின் சாய்மானத்தில் கொஞ்சம். அடியில் கொஞ்சம். நடுவில் கெட்டியாக.

ஐந்தாம் குழியில் இன்னொரு தடவை பார்த்தேன். ஈக்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. சீட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தன.

எதன் மேலோ.

தோள் மாதிரி ஒரு வளைவு. மடி மாதிரி ஒரு வளைவு.

"ஏறு தம்பி."

"வேணாங்க."

"கால் வலிக்கும். ஏறு."

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இவ்வளவு நேரமும் அவர் அந்தச் சீட்டின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கூப்பிடும்போதுகூடக் கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் கூப்பிட்டார்.

ஆறாம் குழியில் மணலை இழுக்கக் குனிந்தேன். இரும்புப் பட்டையைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றேன்.

திட்டு முழுக்கக் கால் தடம். என்னுடையது. என் ஷூவின் ஆணித் தடம் மட்டும்.

அவர் என் கண் முன்னால் இந்த மணலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

எனக்கு எதுக்கு என்று கேட்டாரே... அது திமிர் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

ஓடியிருக்கலாம்தான். ஆனால் கிளப் கட்டடம் ஒன்பதாம் குழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நடந்தேன். வெயில் இறங்கிவிட்டது. பின்னால் க்ரீக்... க்ரீக்...

எட்டாம் குழி. ஓரத்தில் உயரமான மண் கரை. அந்தப் பக்கம் குட்டை. மூன்று வாரமாக மழையில்லை. ஆனால் வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

"ஏறேன்டா." குரல் உடைந்திருந்தது. "ஒரு குழி தூரம்தான். நடுவுல உக்காரு. ஏறேன்."

அதோடு சேர்ந்து, ரொம்ப மெதுவாக, இன்னொரு குரல்.

"நட."

இளைஞன் குரல். என் வயதுதான் இருக்கும். தொண்டையில் தண்ணீர் நிறைந்த மாதிரி...

நடந்தேன்.

ஒன்பதாம் குழி. எப்படி அடித்தேன் என்று தெரியாது. பந்து உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். கையை நீட்டினார்.

கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றிக் கை கொடுப்பது முறை. ஒன்பது குழியில் அவர் செய்த ஒரே மரியாதை.

பழக்க தோஷம். என் கை தானாக நீண்டது.

சில்லென்று இருந்தது. நகத்துக்குள் சேறு. பிடித்த இடத்தில் அவருடைய தோல், கையுறை மாதிரி நகர்ந்தது.

விடவில்லை. வண்டிப் பக்கம் இழுத்தார்.

"ஏறு..."

ஈக்கள் ஒட்டுமொத்தமாக எழும்பின. ங்ங்ங்ங்...

"நட!"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"மணலை இழுத்துட்டு வந்துடறேங்க."

பிடி தளர்ந்தது.

வாழ்நாள் முழுக்கக் கிளப்பில் கிடந்தவர் போல. மணலை இழுக்கிறேன் என்கிறவனைத் தடுக்க அவராலும் முடியவில்லை.

இழுத்தேன். வட்டமாக. வட்டத்துக்குள் வட்டமாக. தலையைத் தூக்கவில்லை.

க்ரீக்... க்ரீக்... தள்ளிப் போனது. எட்டாம் குழிப் பக்கம்.

சளக்.

அப்புறம் எதுவும் இல்லை.

கிளப்புக்குள் ஓடினேன். நோலீன் பாரின் மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தொடாத பியர்.

"எங்கடா கையெழுத்து?"

"வண்டியில வந்த கிழவர் போடல."

"வண்டியா? இங்க ஏது வண்டி? அந்தக் கூத்துக்கு அப்புறம் நம்ம கிளப்புல வண்டியே கிடையாதே."

தொப்பியைச் சொன்னேன். இளஞ்சிவப்பு இறகைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அடிக்கறதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்து, தானே செய்து காட்டினாள். "க்ர்ர்ர்... தூ. இப்படியா?"

தலையாட்டினேன்.

"கிளாரி" என்றாள். "இருபது வருஷத்துக்கு முன்னாடி இங்க தலைவர். ஒரு நாள் தனியா ஆட வந்த பையன் ஒருத்தன் அவன்கூட சேந்துக்கிட்டான். நான் நடக்கறேன் நடக்கறேன்னு அந்தப் பையன் மூணு வாட்டி சொன்னத என் காதால கேட்டேன். இவன்தான் நச்சரிச்சு வண்டியில ஏத்தினான். எட்டாவது குழிகிட்ட குட்டைக்குள்ள விட்டுட்டான். இவன் மட்டும் நீந்தி வந்தான். இதே ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு பியர் குடிச்சான். பையன் எங்கன்னு கேட்டேன். அவன் பாதியிலயே வீட்டுக்குப் போயிட்டான்னான்."

"அப்புறம்?"

"பையனோட கார் மட்டும் வெளிய நின்னுட்டே இருந்துச்சு. நாலாவது நாள் ஈ காட்டிக் குடுத்துச்சு. கோர்ட்டுல கிளாரி, பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன்னு தப்பிச்சுட்டான். நம்மாளுங்க அவனுக்கு ஆயுள் உறுப்பினர் பட்டம் வேற குடுத்தாங்க. வெக்கங்கெட்ட ஜென்மங்க."

எனக்கு வாந்தி வந்தது. பேய்க்கு வரவில்லை. இதற்குத்தான் வந்தது.

"கிளாரி எப்ப செத்தார்?" என்றேன்.

நோலீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கு. முதியோர் இல்லத்துல. மூணு மணிக்குப் போன் வந்துச்சு."

தொடாத பியரை அவள் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"உன் பேரு கேட்டானா?"

"இல்ல."

"அன்னைக்கும் கேக்கல. போலீஸ் வந்து விசாரிச்சப்ப, கூட ஆடின பையன் பேரே அவனுக்குத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை நான் ஆடவில்லை. கையெழுத்து இல்லையே. மற்றவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது எட்டாம் குழிக்குப் போய் அந்த மண் கரையில் ஏறினேன். அன்று மூழ்கிய வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்று கிளப் வருடா வருடம் தீர்மானம் போடுகிறதாம். இன்னும் எடுக்கவில்லை. குட்டை பாதி வற்றிக் கிடந்தது. தகரக் கூரையும் இரண்டு சீட்டுகளும் சேற்றுக்கு மேலே தெரிந்தன.

பையனின் சீட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு ஈகூட இல்லை.

எல்லாம் ஓட்டும் சீட்டில் இருந்தன.

உட்கார்ந்த வாக்கில்.