மடங்காத பூ

சரவணம்பட்டி ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூன்றாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் வந்து சேர்ந்தாள். கோட்டைமேட்டுப் பெண். என்னைவிட நான்கு வயது இளையவள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நீர்த்துளிகளை அடுக்கித் திசு போல ஒன்றைக் கட்டுவது எங்கள் வேலை. கொழுப்பு கரைத்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், கொழுப்பு அதன்மேல் மெல்லிய தோலாகப் படியும். அப்படித் தோல் போர்த்திய இரண்டு துளிகள் தொட்டுக்கொண்டால் கலந்துவிடாது. நடுவில் ஒரு சவ்வை வைத்துக்கொண்டு ஒட்டி நிற்கும். நம் உடம்பின் செல்களைச் சுற்றி இருப்பதும் அந்த மாதிரிச் சவ்வுதான்.

என் துளிகள் மட்டும் நிற்கவில்லை. தொட்ட மாத்திரத்தில் கலந்து ஒரே பெரிய துளியாகிவிடும். இரண்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்த இரண்டாம் மாதம், "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். நுண்ணோக்கியில் குனிந்தேன். முப்பது துளிகள் தேன்கூடு போல ஒட்டி நின்றன.

"எப்படிச் செஞ்சே?"

"தெரியலீங்க்கா. துளிய உட்டுப்போட்டுச் சாப்பிடப் போயிட்டேன். வந்து பாத்தா நல்லாத் தோல் கட்டியிருந்துச்சு. நீங்க எவ்வளவு நேரம் உடுவீங்க?"

நான் ஐந்து நிமிடம்தான் விடுவேன். படித்த கட்டுரைகளில் அப்படித்தான் இருந்தது. "நல்லாருக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திறமையால் ஜெயித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மதியச் சாப்பாட்டால் ஜெயித்தாள்.

அதன்பிறகு யார் என்ன கேட்டு வந்தாலும் எங்கள் பேராசிரியர், "அந்தம்மிணியக் கேளுங்க, அது சொல்லும்" என்றார். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அவளே பேசி, துளிகளை வரிசையாக வைக்கும் சின்ன அச்சு இயந்திரத்துக்கு பாகங்கள் கடைந்து வாங்கிவந்தாள். பட்டறைக்காரர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாராம். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அவள் ஒரு பூ செய்யப் போனாள். நான்கு இதழ், ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்குத் துளிகள். கீழடுக்கில் உப்பு அதிகம், மேலடுக்கில் குறைவு. தண்ணீர் சவ்வுகளைக் கடந்து உப்பு அதிகமுள்ள பக்கம் போகும். அந்தத் துளிகள் வீங்கும், மற்றவை சுருங்கும், இதழ்கள் தாமாகவே மேல்நோக்கி மடங்கிப் பந்தாக மூடிக்கொள்ளும். அதை அச்சிடும் நாளன்று மாலையில் துறைத்தலைவரையும் பார்க்க அழைத்திருந்தார்கள்.

அன்று காலையில் நான் பக்கத்து மேசையில் இருந்தேன். அவள் அவசரத்தில் உப்புக் குறைந்த பாட்டிலில் இருந்தே அச்சு இயந்திரத்தின் இரண்டு ஊசிகளையும் நிரப்பினாள். பார்த்தேன். "கண்ணு, அது..." என்பது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு என் குறிப்பேட்டில் தேதி எழுதினேன்.

ஐந்து மணிவரை பூ தட்டையாகவே கிடந்தது. துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வீடு போகும் வழியெல்லாம் இருந்தது.

மூன்று நாள் அவள் அதே ஊசிகளை வைத்தே மறுபடி மறுபடி அச்சிட்டாள், எண்ணெயைக் குறை சொன்னாள், கொழுப்பைக் குறை சொன்னாள், கண்ணாடித் தட்டுகளைத் தேய்த்துக் கழுவினாள். நான்காம் நாள் பேராசிரியரிடம், "இது மடங்காதுங்க சார். உட்டுப்போட்டு வேற பாக்கறேனுங்க" என்றாள். அவர் அறையை விட்டுப் போனதும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனம் இரங்கித்தான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உப்பு அதிகமுள்ள அந்த இன்னொரு பாட்டில் குறையாமல் அலமாரியில் நின்றது. எப்படியும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது.

"ரெண்டு ஊசிக்கும் ஒரே தண்ணியத்தான் எடுத்தே கண்ணு."

அவள் அலமாரியைப் பார்த்தாள். பிறகு என்னை. "எப்பக்கா பாத்தீங்க?"

"எடுக்கறப்பவே."

அவள் சண்டை போடவில்லை. பாட்டிலை எடுத்து, பெரிய எழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினாள். மறுநாளிலிருந்து என்னை மேடம் என்றாள்.

அடுத்த வாரம் பூ மடங்கியது. எல்லோரையும் கூப்பிட்டாள். என்னிடமும், "மேடம், நீங்களும் பாருங்க" என்றாள். என் முறை வந்ததும் நுண்ணோக்கியில் குனிந்தேன். நான்கு இதழும் ஒன்றையொன்று நோக்கி, கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக, நெருங்கிக்கொண்டிருந்தன. உயிர் இல்லை என்று தெரிந்தும் உயிர் என்றே தோன்றியது. இதை நான் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் நகரவில்லை.