பத்து நிமிட இடைவெளி

ஐஸ் வாளியைக் கையில் எடுத்துவிட்டால் வாசுகியக்கா யாரோடும் பேசமாட்டார். எதிரே துறைத் தலைவரே வந்தாலும் ஒரு தலையசைப்புதான். ஜொகூர் பாருவை அடுத்த ஸ்கூடாய்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டாக உதவியாளர் வேலை. வயது நாற்பத்தொன்பது. நீலக் கையுறைக்குள் விரல்கள் விறைத்திருக்கும். உதடு மட்டும் ஓயாமல் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும்.

அங்கே வட்டத் தட்டுகளில் வளர்வது எலியின் நரம்புச் செல்கள். பக்கத்துச் செல் அனுப்பும் சேதியை வாங்கி உள்ளே கடத்துகிற புரதங்கள் அவற்றில் உண்டு. அந்தப் புரதத்தின்மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துணுக்கு வந்து ஒட்டினால் சேதி உறைக்கிறது, கழன்றால் மங்கிவிடுகிறது. ஞாபகம் தங்குவதும் இதை வைத்துத்தான் என்கிறார்கள். ஒட்டுவதற்கு ஒரு நொதி, கழற்றுவதற்கு இன்னொன்று. செல்லை உடைத்து ஆராயும்போது கொஞ்சம் சூடு பட்டாலும் கழற்றுகிற ஆள் முந்திக்கொள்வான். அதற்குத்தான் இத்தனை ஐஸ், இத்தனை ஓட்டம். அக்காவின் விளக்கம் இதைவிடச் சுருக்கம்: "ஒட்டுனா ஞாபகம் லா. களண்டுச்சுன்னா ஹாபிஸ், தீந்துபோச்சு."

புதிதாக வேலைக்கு வந்த ரூபினி ஒருநாள் மாதிரிக் குழாய்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனை எடுக்கப் போனாள். அக்கா திட்டவில்லை. குழாய்களை ஐஸில் செருகிவிட்டு, "அலமாக், ரெண்டு நிமிசத்துல எல்லாம் போயிரும்மா. போனா திரும்ப வராது," என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

காரணம் வீட்டில் இருக்கிறது. கணவர் காளிதாஸ் ரயிலில் கார்டாக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. "வாசு" என்று அவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும், அக்காவுக்கு வேறு ஆசையே இல்லை. சமையலுக்கு நடுவே யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்க, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பதும் உண்டு.

ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். செல்களை ஒரே மூச்சில் தூண்டினால் பாஸ்பேட் சீக்கிரம் கழன்றுவிடும். பத்து நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவை தூண்டினால் நின்று பிடிக்கும். அக்கா இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். தினமும் மாலை ஆறு மணிக்குக் கணவரின் எதிரே உட்கார்ந்து தன் பெயரைச் சொல்வார். பத்து நிமிடம் வாய் திறக்கமாட்டார். பிறகு மறுபடியும் சொல்வார், இப்படி மூன்று தடவை. ஆய்வை நடத்துகிற டாக்டர் தியாகராஜாவின் காதுக்கு இது எட்டியது.

"அது தட்டில இருக்கிற எலிச் செல், வாசுகி. மனுசருக்கும் அப்படி நடக்குமெண்டு சொல்லேலாது," என்றார் அவர் மெல்ல.

"தெரியும் டாக்டர். சும்மா இருக்க முடியலயே," என்றார் அக்கா. எட்டு மாதமாகியும் நிறுத்தவில்லை.

காளிதாஸுக்கு ஒன்று மட்டும் வாயில் வரும். "லாபிஸ்" என்று ஒரு நிலையத்தின் பெயரை யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும், அடுத்தடுத்த ரயில் நிலையங்களை வரிசையாக ஒப்பித்துவிடுவார். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாத வாய்க்கு இது எப்படி வருகிறதோ! பழகிப்போன வரிசை அப்படித்தான் தங்கும் என்கிறார் பேச்சுப் பயிற்சி தருகிறவர்.

போன சனிக்கிழமை அக்காவுக்கு ஒரு யோசனை. கல்யாணத்துக்கு முன்னால் தினமும் ரெங்கம் நிலையத்தில் ரயில் ஏறி ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போனவர் அவர். காளிதாஸைப் பார்த்ததும் பிடித்துப்போனதும் அந்த ரயிலில்தான். அந்த வரிசையிலேயே தன்னையும் ஏற்றிவிட்டால் என்ன?

"லாபிஸ்," என்று எடுத்துக்கொடுத்தார்.

"பெக்கோக்... பாலோ... குளுவாங்... ரெங்கம்..."

"ரெங்கத்துல யாருங்க ஏறுவா?" அக்கா குறுக்கே கேட்டார். "சொல்லுங்க. யாரு?"

காளிதாஸ் நிறுத்திவிட்டார். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. அடுத்த நிலையத்துக்கும் போகவில்லை. சோபாவின் நடுவில் இருந்தவர், இடக்கையை ஊன்றி, வராத காலை இழுத்து, மூச்சு வாங்க ஓரத்துக்கு நகர்ந்து, ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.