இடுப்பு ஜவ்வும் நடவு வரிசையும்

பிள்ளைகளே, என் இடுப்புக்காக நான் ஃப்ரிட்ஜைக் காலி செய்த கதை இது.

போன வருஷம் எனக்கு இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு தேய்ந்துபோனது. தினமும் பயிற்சி செய்தால் குறுவை நடவுக்கு வரப்பில் நடக்கலாம், இல்லாவிட்டால் கட்டில்தான் என்றார் காரைக்கால் டாக்டர். நெடுங்காட்டில் எங்கள் வயல் நடவை ஒரு வருஷமும் நான் தவறவிட்டதில்லை. ஆனாலும் பயிற்சி செய்யவில்லை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என் மகள் ஜவ்வு செல்தானே வளர்க்கிறாள், கொண்டுவந்துவிடுவாள் என்று படுத்துக் கிடந்தேன். நான் எட்டாவதோடு நின்றவன்.

அவள் லீவுக்கு வந்தாள்.

"மாவுச் சட்டியெல்லாம் வெளியில கெடக்கே, என்னப்பா இது?"

"ஒன் செல்லை வைக்க எடம் வேணும்லம்மா!"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலையும் பழகாத செல். அதை, ஜவ்வில் வேலை பார்த்துத் தேர்ந்த செல்லோடு ஒரே கிண்ணத்தில் வளர்க்கிறார்கள். கூடவே இருந்தால் அதன் வேலை இதற்கும் பழகுமாம்.

நான் முழித்தேன். நடவு ஆட்களை முன்நின்று நடத்தும் என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "புதுசா வர்ற பொண்ணை ரெண்டு தேர்ந்த கைக்கு நடுவுல நிறுத்துவோமே, அதானடி?"

"அதேதாம்மா!"

"அப்ப குறுவைக்குள்ள எனக்கு வச்சிடலாம்ல?" என்றேன்.

"நாங்க இன்னும் நாத்தங்கால்லயே நிக்கிறோம்ப்பா. எத்தனை வருஷமாகுமோ. நீங்க மொதல்ல பயிற்சிக்குப் பாயை விரிங்க."

விரித்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு காலாகத் தூக்கினேன். "இன்னும் ஒசரம்! தென்னமரம் ஏறப்போற ஆளு" என்பாள் மனைவி. மாவுச் சட்டியும் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது.

நடவன்று மெல்ல நடந்து வயலுக்குப் போனேன். வரிசை நடுவில் ஒரு புதுப் பெண். காலையில் அவள் நட்ட நாற்று பாம்பு ஓடின மாதிரி வளைந்து கிடந்தது. மதியத்துக்குள் எது அவள் நட்டது என்றே எனக்குப் பிடிபடவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"ஒன் கிண்ணத்துலயும் இப்படித்தான் நேராயிடுதா?"

"சில தடவை ஆவுதுப்பா. சில தடவை பாம்புதான். ஆமா, ஒரே சத்தமா இருக்கே, எங்கேருந்து பேசுறீங்க?"

"வரப்புலேருந்து," என்றேன். "நின்னுக்கிட்டு."